வெள்ளையின் விலாசம்

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் வீட்டில் கூடியிருந்தோம். கவிதை பற்றிய பேச்சு முடிந்து காபி வந்தபோது, பேச்சு ஒரு நாற்காலியின் மீது திரும்பியது. அவருடைய தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி அது. அதற்கு ஒளியைத் திருப்பியடிக்காத, தொட்டால் மாவு ஒட்டுமோ என்று ஐயுறச் செய்கிற ஒரு மங்கல் வெள்ளையைப் பூசியிருந்தார். 'சாக் பெயின்ட்' என்றார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த டப்பா. விலையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது.

அங்கிருந்த இன்னொரு நண்பர் மரபில் ஆழ்ந்த பற்றுள்ளவர். அவர் கொதித்துவிட்டார். "நம்மிடம் இல்லாத வெள்ளையா? ராமநாதபுரம் கடற்கரையில் பவளப்பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்த ஊர்கள் எத்தனை! அதில் ஒரு பிடி எடுத்துக் குழைத்துப் பூசினால் தீர்ந்தது. வெள்ளைக்காரனிடம் போய் வெள்ளையை விலைக்கு வாங்குவதா?" அவையில் சிரிப்பும் ஆமோதிப்பும் எழுந்தன. நான் அன்று வாய் திறக்கவில்லை. இரண்டு தரப்பும் பிழை என்று பட்டது. அவற்றுள் பலத்த ஆமோதிப்பைப் பெற்ற தரப்புதான் கூடுதல் ஆபத்தானது என்றும் பட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் தரப்பைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரச்சாமான்களுக்கான இந்த வகைப் பூச்சை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், செய்துகொள்வதே நல்லது. காசு மிச்சமாகும் என்பது அதற்கு ஒரு சிறு காரணம். மரபு வாழும் என்பது ஒரு காரணமே அல்ல. தானே கலக்குகிறவன் பொடியைக் கையில் எடுத்தாக வேண்டும். எடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கிறது. டப்பாவைத் திறப்பவனுக்கும் மரபைப் புகழ்பவனுக்கும் அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

*

முதலில் டப்பா. ஆன்னி ஸ்லோன் என்ற பெண்மணி 1990இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இந்தப் பூச்சை உருவாக்கி அதற்குச் 'சாக் பெயின்ட்' என்று பெயரிட்டார். அது அவருடைய வணிகக்குறி. அதனால்தான் பிற கம்பெனிகள் 'சாக் ஸ்டைல்', 'சாக்கி ஃபினிஷ்' என்றெல்லாம் சுற்றிவளைத்து எழுதுகின்றன. காய்ந்த பின் பூச்சு தரும் வெண்கட்டி போன்ற மங்கல் தோற்றத்தை வைத்து வந்த பெயர் அது. அவருடைய செய்முறை இன்றும் வெளியிடப்படாத இரகசியம். ஒரு தொழில்முனைவோர் தன் கண்டுபிடிப்பைக் காப்பதில் தவறேதும் இல்லை. அந்த இரகசியத்தை ஒரு மந்திரம் போல நாம் வணங்குவதில்தான் எனக்கு மறுப்பு.

ஏனெனில் மங்கலுக்கான காரணம் இரகசியமே அல்ல. எந்தப் பெயின்டிலும் இரண்டு முக்கியப் பொருள்கள் உண்டு: பொடி, அந்தப் பொடியைப் பிடித்துவைக்கும் பிசின். பளபளக்கும் எனாமலில் பிசின் மிகுதி. அது பொடியின் ஒவ்வொரு துகளையும் மூடி, மேலே கண்ணாடி போல் ஒரு தோலை உண்டாக்குகிறது. பொடியின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் துகள்களுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்பப் பிசின் போதாது. துகள்கள் மேற்பரப்பில் துருத்தி நிற்கின்றன. ஒளி ஒரே திசையில் திரும்பாமல் சிதறுகிறது. கண்ணுக்கு அது மங்கலாகவும் மென்மையாகவும் தெரிகிறது. அதே இடைவெளிகள் வழியாகத்தான் காபிக் கறையும் ஈரமும் உள்ளே இறங்குகின்றன. எனவே இந்தப் பூச்சுக்கு மேலே மெழுகோ தெளிவான வார்னிஷோ தேவைப்படுகிறது. டப்பாவின் அழகும் டப்பாவின் குறையும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு வீட்டில் செய்வதற்குத் தடை என்ன? கடையில் கிடைக்கும் மங்கல் ரக எமல்ஷன் ஒரு டம்ளர்; அதே டம்ளரில் கால் பங்கு சாக்பவுடர்; அதைக் குழைக்க இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர். பொடியை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, மெல்லிய துணியில் வடித்து, பிறகே பெயின்டில் ஊற்றிக் கலக்க வேண்டும். வரிசையை மாற்றினால் கட்டி தட்டும். சாக்பவுடருக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடுபவர்களும் உண்டு. அப்போது டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு பொடி, அதே அளவு தண்ணீர். பூச்சு சற்றுக் கடினமாகக் காயும். கலவையும் வேகமாகத் தடித்துவிடும். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்குக் கடல் கடந்த டப்பா வேண்டியதில்லை.

*

இப்போது மரபுத் தரப்புக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வதே நேர்மை.

சுண்ணம் என்ற சொல்லுக்குப் பொடி என்றே பொருள். மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் பெண்கள் உரலில் இடித்த நறுமணப் பொடியைப் பற்றியது. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் வெண்பொடியையும் பசையையும் கலந்து மரத்தின் மீது ஏற்றும் கலை நம்மிடம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தைப் பலகைப் படம் என்று சொல்வார்கள். பலாப் பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, துணியின் மேல் வெண்பொடியும் பசையும் கலந்த பூச்சு. அது காய்ந்த பின் தேய்த்து வழுவழுப்பாக்கிய பிறகே ஓவியர் கோடு இழுக்கிறார். ஒடிஷாவின் பட்டசித்திரத்தில் புளியங்கொட்டைப் பசையும் வெண்பொடியும் சேர்ந்து துணியைப் பலகைபோல் விறைப்பாக்குகின்றன. நம் ஊர்த் தச்சர்கள் மரத்தின் பொத்தலில் அடைக்கும் மக்கும், பெயின்டர்கள் பட்டி பார்ப்பதும் இதே குடும்பம். ஆன்னி ஸ்லோன் நமக்கு முற்றிலும் புதிய ஒன்றைக் கொண்டுவரவில்லை என்ற அளவில் மரபுத் தரப்பு வெல்கிறது.

ஆனால் அவர்கள் முன்வைத்தது இந்தப் பொடியை அல்ல, சுட்ட சுண்ணாம்பை. இங்கேதான் அடிப்படைக் குழப்பம். நாம் 'வெள்ளை' என்று ஒரே பெயரில் அழைப்பவை மூன்று வெவ்வேறு பொருள்கள். முதலாவது, சுடாத சுண்ணாம்புக்கல்லின் பொடி. வேதியியலில் கால்சியம் கார்பனேட். சாக்பவுடர் என்றும் ஒயிட்டிங் என்றும் கடையில் கிடைப்பது இது. இரண்டாவது, அதே கல்லையோ கிளிஞ்சலையோ பவளத்தையோ ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் எரித்துத் தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு. மூன்றாவது ஜிப்சம், அது கால்சியம் சல்பேட். அதை 150 டிகிரி அளவில் வறுத்தால் தன்னுள் இருக்கும் நீரில் முக்கால் பங்கை இழந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகிறது. தண்ணீர் பட்டதும் இழந்ததைத் திரும்பப் பெற்று இறுகுகிறது. பள்ளிக்கூடத்தில் நாம் தின்று பார்த்த சாக்பீஸ்கூட, பெயருக்கு மாறாக, நம் ஊரில் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான்.

நீற்றிய சுண்ணாம்பு சுவருக்கு மிக உகந்தது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. சுவரின் நுண்துளைகளில் வேர்விட்டுப் பிடித்துக்கொள்கிறது. இழைத்த தேக்குப் பலகையில் அது வேர்விட இடமில்லை. பொடிந்து உதிரும். கடுமையான காரத்தன்மை உடையது என்பதால் தேக்கில் உள்ள துவர்ப்புச் சத்தோடு வினைபுரிந்து மரத்தைக் கறுக்கவைக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தயிரிலோ பாலிலோ உள்ள கேசினைச் சேர்த்தால் சுண்ணாம்பு மரத்தில் நிற்கும் என்பது உண்மை. நம் நண்பர் அதைச் சொல்லவில்லை. அவர் சொன்னது ஒரு பிடிச் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுவதை மட்டுமே. தன் தாத்தாவின் நாற்காலியில் அதைச் செய்துபார்க்கும் துணிச்சல் அவருக்கு இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

*

செய்நுட்பப் பிழை சிறியது. அறப் பிழை பெரியது. பவளச் சுண்ணாம்பு என்று பெருமிதத்தோடு உச்சரிக்கப்பட்ட அந்தச் சொல்லைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

வாலிநோக்கம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் மீனவ ஊர். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிச் சங்கிலி போலக் கிடக்கும் 21 தீவுகளில், கீழக்கரைக் குழுமம் என்று சொல்லப்படும் ஏழு தீவுகள் இந்தக் கரைப்பகுதிக்கு எதிரே உள்ளவை. ஆனைப்பார், வாலிமுனை, அப்பா, தலையாரி, வாலை, முள்ளி, பூவரசன்பட்டி. ஏழு என்று சொன்னேன். இன்று கண்ணுக்குத் தெரிபவை ஆறுதான். பூவரசன்பட்டி கடலுக்குள் போய்விட்டது. தூத்துக்குடிக் குழுமத்தில் விலங்குச்சல்லிக்கும் அதே கதி. தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பெயர்த்தெடுத்ததே இதற்கு முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் பாறை போனபின் மணல்தீவு எத்தனை நாள் நிற்கும்?

பெயர்த்த பாறை எங்கே போனது? வீட்டுச் சுவருக்குக் கல்லாகவும், சூளைக்குச் சுண்ணாம்பாகவும், கால்சியம் கார்பைடு தயாரிக்கும் தொழிலுக்கு மூலப்பொருளாகவும் போனது. பவள ஆய்வாளர் சி.எஸ்.கோபிநாத பிள்ளை 1973இல் தந்த மதிப்பீட்டின்படி, பாக் விரிகுடாவிலிருந்தும் மன்னார் வளைகுடாவிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 கன மீட்டர் பவளம் எடுக்கப்பட்டது. பாறையாக உருண்டு வளரும் பவள வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே வளர்பவை. ஒரு முழ உயரக் கல் என்பது மனிதரின் அரை ஆயுளுக்குச் சமமான வளர்ச்சி. சூளையில் அது ஓரிரு நாளில் சாம்பல்நிற நினைவாகிறது.

1986இல் இந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2001இல் கடினப் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அன்றிலிருந்து பவளத்துக்கும் உண்டு. எனவே நம் நண்பர் பெருமையோடு பரிந்துரைத்தது, இன்றைய சட்டப்படி, புலித்தோலை விரித்து உட்காரச் சொல்வதற்கு நிகர்.

சட்டம் வந்ததும் அகப்பட்டவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். கடப்பாரையோடு மூழ்கிக் கல்லைப் பெயர்த்தவனும் வள்ளத்தில் ஏற்றியவனும் அகப்பட்டார்கள். வேறு கூலி இல்லாத கரையில் அதைச் செய்தவர்கள் அவர்கள். அந்த வெள்ளையைச் சுவரில் பூசி நிலவொளியில் இரசித்தவர்களின் பெயர் எந்த வழக்கிலும் இல்லை. இன்று அதே இரசனை, மரபு என்ற பெயரில், இலக்கியக் கூட்டத்தில் தலைநிமிர்ந்து பேசுகிறது. என் கோபத்தின் மையம் இதுதான்.

பவளம் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அக்கரையில் ஒரு கொடிய சான்று உண்டு. இலங்கையின் தென்மேற்குக் கரையில் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புச் சூளைகளுக்காகப் பவளம் வெட்டப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில், பெரலிய என்ற இடத்தில் அலை கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே வந்தது. அங்கே நின்றிருந்த இரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ள, பவளம் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவவில் நீர் ஐம்பது மீட்டர் அளவே உள்ளே வந்தது. ஹரிந்திர பெர்னாண்டோவும் சக ஆய்வாளர்களும் 2005இல் இந்த வேறுபாட்டைப் பவள அகழ்வோடு தொடர்புபடுத்தி எழுதினார்கள். ஒரு பிடிச் சுண்ணாம்பு என்று சொல்லும்போது நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது.

நம் பக்கத்திலும் கணக்கு தீர்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு தன் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தபின், 2015 முதல் அதைச் சுற்றிக் கான்கிரீட்டால் ஆன செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். கடலிலிருந்து எடுத்த சுண்ணாம்பை, வேறோர் இடத்துச் சுண்ணாம்புக்கல்லில் செய்த சிமென்டாகக் கடலுக்கே திருப்பிக் கொடுக்கிறோம். வட்டி மட்டும் கட்டியிருக்கிறோம், அசல் பாக்கி.

*

"அப்படியானால் கடலோரத்துக்கென்று ஒரு வெள்ளையே இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. அது வாலிநோக்கத்திலேயே இருக்கிறது.

1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் மாரியூர் வாலிநோக்கம் பகுதியில் விரிந்து கிடக்கின்றன. உப்பளத்தின் அடிப்படைக் கணக்கு எல்லாக் கரையிலும் ஒன்றே. உவர்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு நகர்த்தி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். சுண்டும் நீரிலிருந்து உப்புகள் வரிசைமுறை தவறாமல் பிரிகின்றன. முதலில் சிறிதளவு கால்சியம் கார்பனேட் படிகிறது. பிறகு ஜிப்சம். அடர்த்தி 25 டிகிரி போமேயைத் தொட்ட பிறகே நாம் உண்ணும் உப்பு விளையத் தொடங்குகிறது. ஆகவே நல்ல உப்பு வாருவதற்காகவே ஜிப்சத்தை முந்தைய பாத்திகளில் படியவிட்டுப் பிரிக்க வேண்டியிருக்கிறது. உப்பளங்களின் ஜிப்சத்தைச் சிமென்ட் ஆலைகள் வாங்குகின்றன. சிமென்ட் உடனே இறுகிவிடாமல் தாமதப்படுத்த அது தேவை.

கடல் தன் கால்சியத்தை இரண்டு வழிகளில் வெள்ளையாக்கித் தருகிறது. ஒன்று உயிரின் வழி, அது பவளம். மற்றொன்று வெயிலின் வழி; அது அளத்து ஜிப்சம். உயிரின் வெள்ளையை எரித்துச் சுவரில் பூசிய நாம், அதே கரையில் வெயில் தந்த வெள்ளையை உப்பின் கழிவு என்று ஒதுக்கினோம். மரபைத் தேடுபவர்கள் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது.

இங்கே நான் எதிர்ப்பக்கத்து ரொமான்டிக் ஆகிவிடக் கூடாது. அளத்து ஜிப்சத்தை அள்ளிவந்து நேராகப் பூச்சில் கலக்க முடியாது. அதில் உப்பு ஒட்டியிருக்கும். கழுவாமல் பயன்படுத்தினால் உப்பு ஈரத்தை இழுத்து, பூச்சின் மேல் பூத்துத் தள்ளும். வறுத்த பிளாஸ்டரைக் கடையில் வாங்குவதே ஒழுங்கு. மேலும், ஜிப்சம் தண்ணீரில் சிறிதளவு கரையும். ஒரு லிட்டருக்கு இரண்டு கிராம் போல. சாக்பவுடர் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். கடற்காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் உறிஞ்சும் வீட்டில் நாற்காலிக்கும் அலமாரிக்கும் நான் சாக்பவுடரையே தேர்வேன். பிளாஸ்டரைப் படச் சட்டங்களுக்கும் கை படாத சாமான்களுக்கும் வைத்துக்கொள்வேன். என் வீட்டு எழுதுமேசையிலேயே இரண்டையும் பாதிப்பாதி பூசிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அளத்து வெள்ளையும் குற்றமற்றது அல்ல. வெயிலின் எதிரொளியில் கண் கூச, உவர்நீரில் பாதம் வெடிக்க நாளெல்லாம் நின்று வாருகிறவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. சாக்பவுடரும் வானத்திலிருந்து விழுவதில்லை. விருதுநகர் மாவட்டத்துப் பந்தல்குடி போன்ற இடங்களில் சுண்ணாம்புக்கல்லுக்காக நிலத்தைக் குடைவதை அந்தப் பக்கம் பயணம் செய்கிறவர்கள் பார்த்திருக்கலாம். எந்த வெள்ளைக்கும் ஒரு விலாசம் உண்டு. அந்த விலாசத்தில் எதை இழக்கிறோம், இழந்தது மீளுமா என்பதே கேள்வி. கூலியை உயர்த்த முடியும். போராடிப் பெற முடியும். மூழ்கிய பூவரசன்பட்டியை மீட்க முடியாது.

இன்னொரு கணக்கும் சாக்பவுடரின் பக்கம் நிற்கிறது. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லை முழுவதும் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். விறகின் புகை தனி. பூசிய சுண்ணாம்பு அந்த வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சும், ஆனால் விறகு திரும்பாது. சாக்பவுடருக்கு அரைத்தல் மட்டும் போதும். அது சூளையைப் பார்ப்பதே இல்லை.

*

எனக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. "நீங்கள் கலக்கச் சொல்லும் எமல்ஷன் பிளாஸ்டிக் அல்லவா? அதில் எங்கே இயற்கை?" உண்மை. எமல்ஷனின் பிசின் அக்ரிலிக் வகையைச் சேர்ந்தது. திரவமாக இருக்கும் பிளாஸ்டிக் என்றே சொல்லலாம். இயற்கைப் பூச்சு செய்கிறேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். புளியங்கொட்டைப் பசையிலோ வச்சிரப் பசையிலோ சாக்பவுடரைக் குழைத்துப் பூசலாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் தஞ்சாவூர்ப் படத்துக்கு அது போதும். தினமும் ஈரத்துணியால் துடைக்கப்படும் நாற்காலியில் அது கரைந்து வரும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். குறையை ஒப்புக்கொண்டு பயன்படுத்துவதற்கும் 'இயற்கை' என்று முத்திரை குத்தி விற்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

செய்யப் போகிறவர்களுக்கு நான்கு எச்சரிக்கைகள். வாதத்தோடு தொடர்புடையவை என்பதால் இங்கேயே சொல்கிறேன்.

ஒன்று, 'தேய்க்கவே வேண்டாம், அப்படியே பூசலாம்' என்ற விளம்பரப் பெருமை வீட்டுக் கலவைக்குப் பொருந்தாது. பிடிப்பைத் தருவது எமல்ஷனின் பிசின். பொடி அதைக் குறைக்கவே செய்யும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டே பூச வேண்டும்.

இரண்டு, பழைய பெயின்ட் பூசிய சாமானை உலர்வாகத் தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூசு குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது. வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியில் வழித்து எடுங்கள். குழந்தைகள் அருகில் வேண்டாம்.

மூன்று, தேக்கும் பலாவும் தம் நிறத்தை வெள்ளையின் வழியே கசியவிடும்; மஞ்சளும் பழுப்புமாகக் கறை எழும். முதலில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை, அதாவது நம் தச்சர்களின் பிரெஞ்சு பாலிஷை, ஒரு கை ஓட்டிக் காயவிட்டால் கறை நிற்கும்.

நான்கு, மேற்பூச்சுக்கு மேலைநாட்டார் சொல்லும் தேன்மெழுகு நம் கோடையில் பிசுபிசுக்கும். அது 62 டிகிரி அளவிலேயே உருகுவது, அதற்கு வெகு முன்பே இளகுவது. கடற்கரை வீடுகளுக்குத் தண்ணீர் வகைத் தெளிவான வார்னிஷே சரி.

கடைசியாக, பூசாமல் விடுவதும் ஒரு தேர்வு. நல்ல நிலையில் இருக்கும் தேக்கின் ரேகையைப் பழமைத் தோற்றத்துக்காக வெள்ளையால் மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உண்மையாகவே பழையதான ஒன்றை மறைத்து, அதன் மேல் பழமையை வரைகிறோம். கீறல் விழுந்த, பூச்சு உரிந்த, விறகுக்குப் போகவிருக்கும் சாமானுக்குத்தான் இது மறுவாழ்வு.

*

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அருகில் போய்ப் பார்த்தால் சுவரின் கற்களில் தேன்கூடு போன்ற சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் குடியிருந்தது. பவளக்கல். அந்தச் சுவரைக் கட்டியவர்களுக்கு இன்று நமக்குத் தெரிந்தது தெரியாது. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். தெரிந்த பிறகும் அதை மீட்டெடுக்கச் சொல்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

நாற்காலிக்கு உரிமையாளரான நண்பரிடம் அடுத்த முறை ஒரு கிலோ சாக்பவுடரோடு போவதாக இருக்கிறேன். அவரிடம் இன்னும் இரண்டு நாற்காலிகள் உண்டு. மரபுப் பற்றுள்ள நண்பரும் வரட்டும். கலக்குவதற்கு மூன்றாவது கை தேவைப்படும். வாதத்தை அங்கே தொடர்ந்துகொள்ளலாம்.